தலையை எண்ணுவதா, தராசில் நிறுப்பதா?

(பட்டிமன்றத் தலைப்பு: நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சிறந்த வழி மக்களின் நேரடி வாக்கே! மக்கள் பிரதிநிதிகளின் வாக்கே! இடம்: ஒரகடம். ‘பிரதிநிதிகளின் வாக்கே’ என்னும் அணியில் பேராசிரியர் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணியின் தூண்களே, பதினைந்து நிமிடம் எங்களைத் தோய்த்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே, ஷிப்டு முடிந்து யூனிபாரம்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரகடத்துத் தம்பிமார்களே, தங்கைமார்களே, தாய்மார்களே!

சகோதரி பேசி முடிச்சதும் நீங்க கொட்டின கைதட்டல் இருக்கே, அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ‘உன் தலைவனை நீயே தேர்ந்தெடு’ன்னு சொன்னா யாருதான் கை தட்ட மாட்டாங்க? ‘உனக்குப் பிடிச்ச பொண்ணை நீயே பாத்துக்கோப்பா’ன்னு சொன்ன மாதிரி. எங்க கட்சி பாவம். ‘பெரியவங்க உட்கார்ந்து பேசி முடிக்கட்டும்’னு சொல்ற கட்சி. கல்யாண வயசில் இருக்கிற தம்பிகள் எங்களை முறைச்சுப் பார்க்கிறது எனக்குத் தெரியுது! (சிரிப்பு)

இதை இங்கிலீஷில் எலெக்டோரல் காலேஜ் என்பார்கள். இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு பெரியவர் ஆவலா கேட்டார், “அந்தக் காலேஜில் என்ன கோர்ஸ் நல்லா இருக்கும்? பீஸ் எவ்வளவு?” ஐயா, அது விசித்திரமான காலேஜ். 2022-ல் அதில் மொத்தம் 4,809 பேர். சாதாரணமா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பரீட்சை. ஒரே ஒரு கேள்வி. யாரும் பெயிலாக முடியாது. பீஸ் கட்டுறது மட்டும் நாம! (சிரிப்பு, கைதட்டல்)

உத்திரமேரூரையும் சகோதரி விடவில்லை. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துச் சொத்தாச்சே, எப்படி விடுவாங்க? ஆனால் நடுவர் அவர்களே, பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டு சொல்வது நேரடித் தேர்தலை இல்லை, குலுக்கலை. தகுதி பார்த்துப் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னாங்க. தகுதி என்னன்னா சொந்த நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், 35 வயசுக்கு மேல், 70-க்குள் இருக்கணும். முன்னே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகக்கூடாது. அவன் சொந்தக்காரன் பெயரும் கூடாது. அந்த ஒரு விதியை இன்றைக்குக் கொண்டுவந்தா எத்தனை குடம் காலியா இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. (பலத்த கைதட்டல்)

குலுக்கலாவது பரவாயில்லை. கரிகாலனை ஒரு யானை தேடிப் பிடிச்சுத் தூக்கிவந்து ராஜாவாக்கியதா ஒரு பழங்கதை உண்டு. உலகத்திலேயே சின்ன எலெக்டோரல் காலேஜ் அதுதான். ஒரே மெம்பர், நாலு கால்! (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்க தொழிற்சாலையையே எடுத்துக்குவோம். பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், அசெம்பிளி ஷாப். அசெம்பிளின்னா இங்கே வண்டியைப் பூட்டுற இடம். கோட்டையில் இருக்கிற அசெம்பிளி சில சமயம் வண்டியைக் கவிழ்க்கிற இடம்! (சிரிப்பு) அசெம்பிளியில் ஆயிரம் பேர், பெயிண்டில் நூறு பேர்னு வச்சுக்குங்க. தொழிலாளிகளுக்கு ஒரு பொதுத் தலைவர் வேணும். எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தலையை எண்ணினா, அசெம்பிளி ஷாப் யாரைக் கைகாட்டுதோ அவர்தான் தலைவர். பெயிண்ட் ஷாப்பில் மாஸ்க் போட்டுக்கிட்டுப் புகையில் நிற்கிறானே, அவன் குறையைக் கேட்க அந்தத் தலைவர் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் வரணும்னு கட்டாயம் உண்டா? அதனால்தான் விவரம் தெரிஞ்ச சங்கங்களில் ஒவ்வொரு ஷாப்புக்கும் ஒரு பிரதிநிதி வைக்கிறாங்க. தலைவராக வர நினைக்கிறவர் எல்லா ஷாப் வாசலையும் மிதிச்சாகணும்.

இந்தியா என்பது அப்படிப் பல ஷாப் உள்ள தொழிற்சாலை ஐயா. நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு தராசு செய்து வைத்தார்கள். ஒரு தட்டில் சட்டமன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். மறு தட்டில் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இரண்டு தட்டும் சமமா நிற்கணும். 2022 தேர்தலில் சட்டமன்றத் தட்டின் எடை 5,43,231. நாடாளுமன்றத் தட்டின் எடை 5,43,200. வித்தியாசம் வெறும் 31! நம்ம ஊர் நகைக்கடையில்கூட இவ்வளவு சுத்தமா நிறுப்பாங்களான்னு தெரியலை.

ஒரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு என்ன மதிப்பு? மாநிலத்தின் ஜனத்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, மறுபடியும் ஆயிரத்தால் வகுக்கணும். நமக்கு 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208. சிக்கிமுக்கு 7. எந்த வருஷத்து ஜனத்தொகை? 1971. இங்கேதான் தாய்மார்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கணும், ஏன்னா இது உங்க கதை.

சிவப்பு முக்கோணம் ஞாபகம் இருக்கா? ‘நாம் இருவர், நமக்கு இருவர்’னு பஸ்ஸுக்குப் பின்னாலே, ஆஸ்பத்திரிச் சுவரிலே, சினிமாக் கொட்டகை ஸ்லைடிலே எழுதி வைச்சாங்களே! தமிழ்நாட்டுத் தாய்மார்கள் அதைச் சுவரோடு விடலை, வீட்டுக்குள்ளே கொண்டுவந்தாங்க. பலன் என்ன? 1971-ல் உத்தரப் பிரதேசத்தின் இன்றைய எல்லைக்குள் இருந்தவர்கள் 8 கோடியே 38 லட்சம், நாம் 4 கோடியே 12 லட்சம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2011-ல் அவர்கள் 19 கோடியே 98 லட்சம், நாம் 7 கோடியே 21 லட்சம். இரண்டே முக்கால் மடங்கு. சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைக்குச் சோறு குறைஞ்ச கதையா ஆகக்கூடாதுன்னுதான் 1976-ல் 42-ஆவது திருத்தம் அந்த 1971 கணக்கை நிறுத்தி வைத்தது. 2001-ல் நிறைவேறிய 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

எதிரணி வழக்கறிஞர் எழுந்து, ‘அந்தக் கெடுவும் ஒருநாள் முடியுமே’ன்னு கேட்பார். முடியும், எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் தராசு என்று ஒன்று இருந்தால்தானே எடைக்கல்லைப் பற்றி வாதாட முடியும்? நேரடி ஓட்டு என்று போய்விட்டால் கல்லும் இல்லை, தட்டும் இல்லை. அங்கே தலை மட்டும்தான். இன்னொன்று: குடியரசுத் தலைவர் தேர்தல் முறையைச் சொல்லும் 54, 55-ஆவது பிரிவுகளைத் திருத்த நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது, நாட்டில் பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது சம்மதிக்கணும். அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி நம்ம கோட்டையில் இருக்கு. அதை ஏன் தூக்கிப் போடணும்கிறீங்க? (கைதட்டல்)

இந்த அரங்கத்தில் உத்தரப் பிரதேசத்துத் தம்பிகள், பீகார், ஒடிசாத் தம்பிகள் எத்தனையோ பேர் இருக்காங்க. நம்மோடு ஒரே லைனில் நின்று வண்டி பூட்டுறவங்க. தம்பி, உன் ஓட்டு மட்டம்னு நான் சொல்லலை. மக்களவைத் தேர்தலில் நீ போடுற ஓட்டுக்குக் குறை வைக்கக்கூடாது. ஆனால் ஒரு கணக்கு பாரு. உன் ஓட்டு இருப்பது உன் கிராமத்தில். ஒரு ஓட்டுப் போட இரண்டு ராத்திரி ரயில், திரும்ப இரண்டு ராத்திரி ரயில், நடுவில் சம்பளம் வெட்டு. இப்போதே பலருக்கு அது முடியலை. 2022-ல் ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்துச் சந்தால் பழங்குடிப் பெண்மணி திரௌபதி முர்மு குடியரசுத் தலைவரானபோது, நீ இங்கே செகண்ட் ஷிப்டில் நட்டு முறுக்கிக்கிட்டு இருந்தே. உன் ஊர் எம்.எல்.ஏ. உனக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டார்.

‘டெல்லியில் ராஷ்டிரபதி யாராக இருந்தா நமக்கென்ன?’ன்னு சில பேர் நினைக்கலாம். 2017 ஜனவரியை மறந்துட்டீங்களா? மெரினாவில் பிள்ளைகள் ராத்திரி பகலா உட்கார்ந்து, ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் வந்ததே, அந்தச் சட்டம் எந்த வாசலில் போய்க் கையெழுத்துக்கு நின்றது? அந்த வாசல்தான்! 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் இங்கே நடந்த ஆட்சி கலைக்கப்பட்டதும் அந்த வாசல் கையெழுத்தில்தான். மந்திரிசபை சொல்லித்தான் அவர் போடுகிறார், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மாநிலத்தின் தலையெழுத்து போய் நிற்கிற வாசலில் யார் உட்காருவது என்பதில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் பாதிப் பங்கு வேண்டாமா?

இனி அந்தச் சொகுசு பஸ். சகோதரி ரொம்ப அழகா வர்ணிச்சாங்க. ஒன்றியக் கவுன்சிலர்களை ஏ.சி. பஸ்ஸில் ஏற்றி, எங்கேயோ ரிசார்ட்டில் வைத்து, செல்போனைப் பிடுங்கி, ஓட்டு நாளன்று இறக்கிவிடுகிற காட்சி. நான் மறுக்கமாட்டேன். நம்ம ஊராட்சித் தலைவரை நீங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறீங்க. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கணும்னு 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தமே சொல்லிவிட்டது. (அந்தத் திருத்தத்துக்கு விதை போட்டவர் ராஜீவ் காந்தி. 1989-ல் அவர் கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. அது வேறு உருவில் சட்டமாகும்போது அவர் இல்லை. 1991-ல் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.) 2020 ஜனவரி 11-ஆம் தேதி நடந்த மறைமுகத் தேர்தலில் சில ஒன்றியங்களில் ரகளையாகி, கோரம் இல்லாமல், தேர்தலையே தள்ளிப்போட்டாங்க. நகராட்சி, மாநகராட்சிக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. 1996-ல் சென்னை மேயரை மக்களே நேரடியாத் தேர்ந்தெடுத்தாங்க. அப்புறம் மறைமுகம், மறுபடி நேரடி, மறுபடி மறைமுகம். தையல் மெஷின் ஊசி மாதிரி மேலேயும் கீழேயும்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, சின்ன இடத்தில் மறைமுகத் தேர்தல் கெட்டுப்போகும் என்பதை நான் எதிரணிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பதினைந்து இருபது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். தெருவிளக்கு, குப்பை, குழாய்த் தண்ணீர் பார்க்கிறவரைத் தெருவில் இருக்கிறவன்தான் தேர்ந்தெடுக்கணும். ஆனால் 4,809 பேரை எந்த பஸ்ஸில் ஏற்றுவீங்க? கோகிமாவிலிருந்து திருவனந்தபுரம் வரை சட்டமன்றங்கள், இத்தனை கட்சிகள், இத்தனை மொழிகள். அத்தனை பேரையும் அடைக்கிற ரிசார்ட் இன்னும் கட்டப்படவில்லை. அதோடு இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது. ரகசிய ஓட்டு. 1969-ல் காங்கிரசின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தி ‘மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்’ என்றார். முதல் விருப்ப ஓட்டில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இரண்டாம் விருப்பத்தை எண்ணினாங்க. வி.வி. கிரி 4,20,077. சஞ்சீவ ரெட்டி 4,05,427. ஆண்ட கட்சியின் வேட்பாளரே தோற்றார்! இதையா நீங்க ரப்பர் ஸ்டாம்பு தேர்தல்னு சொல்றீங்க?

அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்தினாங்க. 2000-த்தில் அல் கோருக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு, தோற்றார். 2016-ல் ஹிலாரி கிளின்டனுக்கு இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு, அவரும் தோற்றார். உண்மைதான், அநியாயம்தான். ஆனா அந்தக் காலேஜ் வேற, நம்ம காலேஜ் வேற. அங்கே ஐம்பதில் நாற்பத்தெட்டு மாநிலங்களில், ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவருக்கு மாநிலத்தின் மொத்த இடமும் போய்விடும். புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் 25 இடமும் புஷ்ஷுக்குப் போச்சு. நம்மிடம் அப்படி மொத்தமா அள்ளுகிற வழக்கமே இல்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. 234 பேரும் 234 விதமாகக்கூட ஓட்டுப் போடலாம். போட்டதும் உண்டு, முனகினதும் உண்டு.

அரசியல் நிர்ணய சபையிலேயே கே.டி. ஷா எழுந்து, ‘வயது வந்த எல்லாரும் ஓட்டுப் போட்டுத்தான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கணும்’னு வாதாடினார். நேரு பக்கம் சொன்ன பதில் எளிமையானது: நாடு முழுதும் ஓட்டு வாங்கி வருகிறவர் வெறும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? பிரதமரோடு மல்லுக்கு நிற்பார். ஒரே உறையில் இரண்டு கத்தி ஆகிவிடும்.

அந்த இரண்டு கத்தியைப் பார்க்கத் தூரமாப் போகவேண்டாம், ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. இலங்கையில் 1978 அரசியல் சட்டப்படி ஜனாதிபதிக்கு நேரடித் தேர்தல். 2018 அக்டோபர் 26-ஆம் தேதி, மக்கள் ஓட்டில் வந்த ஜனாதிபதி சிறிசேன, நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு இருந்த பிரதமர் ரணிலை நீக்கி ராஜபக்சவை நியமித்தார். ரணில் நான் போகமாட்டேன்னு உட்கார்ந்துவிட்டார். ஒரு நாடு, இரண்டு பிரதமர்! நாடாளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. நம்ம வீட்டில் மிளகாய்த்தூள் குழம்புக்கு. அங்கே அது ஜனநாயகத்துக்கு! (சிரிப்பு) உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஐம்பத்தொரு நாள் கூத்து முடிந்தது.

சிரிக்கிற விஷயம் அதோடு சரி. 2015-ல் அதே நேரடி ஓட்டில் வடக்கு, கிழக்குத் தமிழர்களின் வாக்குதான் சிறிசேனவை ஜெயிக்க வைத்தது. அதையும் நான் மறைக்கமாட்டேன். ஆனால் நான்கே வருடத்தில், 2019-ல், கோத்தபய ராஜபக்ச 69 லட்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். யாழ்ப்பாணம் அவரை ஏற்கவில்லை, மட்டக்களப்பு ஏற்கவில்லை. ஏற்காமலே ஜெயிக்க முடிந்தது! ஒரு தடவைகூட அந்த மண்ணின் வாசலை மிதிக்காமல் ஒருவர் நாட்டுக்குத் தலைவராக வழி இருக்குன்னா, அந்த மண்ணில் இருக்கிறவன் போட்ட ஓட்டு எந்தக் கணக்கில் சேர்ந்தது? பெயிண்ட் ஷாப் தம்பி, உனக்கு இது புரியும்.

பிரதமரையே நேரடியாத் தேர்ந்தெடுக்கலாமேன்னு ஒரு யோசனையும் வந்தது. இஸ்ரேலில் செய்து பார்த்தாங்க. 1996, 1999, 2001, மூன்று தடவை. போதும்டா சாமின்னு சட்டத்தையே எடுத்துட்டாங்க.

சிங்கப்பூரைச் சொன்னாங்க. 2023-ல் நம்ம தமிழ் ரத்தம், தர்மன் சண்முகரத்தினம், நேரடித் தேர்தலில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். எனக்கும் பூரிப்புத்தான், அந்த வெற்றியை எதிரணிக்கே விட்டுத் தருகிறேன். ஆனால் அங்கே மாநிலம் கிடையாது, ஒரே நகரம். அங்கேயும் 1999, 2005, 2017 என்று மூன்று தேர்தலில் தகுதிச் சான்று பெற்றவர் ஒரே ஒருவர்தான். மக்கள் ஓட்டுப் போடவே இல்லை.

எனக்கு நெஞ்சில் நிற்கிற கேள்வி வேறு. ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளை, பேப்பர் போட்ட பையன், எந்தக் கட்சியிலும் இல்லாதவர், ஒரு தேர்தலிலும் நிற்காதவர். 2002-ல் அப்துல் கலாம் எப்படி ராஷ்டிரபதி பவனுக்குள் போனார்? கட்டின டெபாசிட் 15,000 ரூபாய். வாங்கிய மதிப்பு 9,22,884. நேரடித் தேர்தலா இருந்திருந்தா? மக்களவைத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் ஒரு தொகுதிக்கு ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம்னு 2022-ல் வைத்த வரம்பு 95 லட்சம். நாடு முழுக்க 543 தொகுதி. பெருக்குங்க. 515 கோடி! அதுவும் ஒழுங்கா கணக்குக் காட்டுறவங்களுக்கு! (சிரிப்பு) சம்பளத்தைக்கூடத் தனக்கென்று சேர்க்காத அந்த மனுஷன் 515 கோடிக்கு எங்கே போவார்? யார் கொடுப்பாங்க? கொடுத்தவங்க சும்மா விடுவாங்களா?

சகோதரி மடக்கினாங்க: “2007-ல் மறுபடியும் கலாம் வேண்டும்னு மக்கள் கேட்டாங்களே, உங்க பிரதிநிதிகள் கொடுத்தாங்களா?” கொடுக்கவில்லை. எனக்கும் அது ஆறாத மனக்குறைதான். ஆனால் 2002-ல் அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால், 2007-ல் ‘மறுபடியும்’ என்ற சொல்லுக்கே வேலை இருந்திருக்காது. (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சாச்சு. நடுவர் என்னைப் பார்க்கிற பார்வையில் மிளகாய்த்தூள் தெரியுது. (சிரிப்பு) ஒரே ஒரு தகவல், முடித்துவிடுகிறேன். 2017 தேர்தலில் ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 708. 2022-ல் அது 700 ஆகிவிட்டது. ஏன் குறைந்தது தெரியுமா? ஜம்மு காஷ்மீரில் அப்போது சட்டமன்றம் இல்லை. 2024-ல்தான் அங்கே மறுபடி சட்டமன்றத் தேர்தல் நடந்தது. எங்கேயோ மலைமேல் ஒரு சட்டமன்றம் மூடிக்கிடந்தால், கன்னியாகுமரி எம்.பி.யின் ஓட்டுக்கும் எட்டு குறைகிறது. தலையை மட்டும் எண்ணியிருந்தால் ஸ்ரீநகரில் ஒரு சபை பூட்டிக் கிடப்பது டெல்லி எண்ணிக்கையில் தெரிந்திருக்குமா என்று எதிரணியைக் கேட்டு அமர்கிறேன்.